தேயிலை மலையில் தங்கிச் சுற்ற: கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்புகள்

பாடசாலை விடுமுறை விட்டால் போதும், கொழும்பு, யாழ்ப்பாணம், மட்டக்களப்பு என்று எல்லாப் பக்கமிருந்தும் வேன்கள் மலையேறத் தொடங்கிவிடும். தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர்களும் இப்போது கூடிவிட்டார்கள். நுவரெலியாவிலும் ஹட்டன் பக்கத்திலும் பழைய துரை பங்களாக்கள் பல விடுதிகளாகிவிட்டன. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளும் சொந்த வீட்டில் ஓரிரு அறைகளை ஒதுக்கி ஆட்களைத் தங்கவைக்கிறார்கள். வருகிறவர்களில் பலர் கிரகரி வாவியில் ஒரு படகுச் சவாரி, வழியில் ஒரு ஸ்ட்ரோபெரிக் கடை, நீர்வீழ்ச்சிக்கு முன்னால் நாலு படம் என்று முடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அவ்வளவு தூரம் வந்தவர்கள் மலையை நடந்து பார்க்காமல், அதில் உழைக்கிற சனத்தோடு ஒரு வார்த்தை பேசாமல் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதற்காகவே இந்தக் குறிப்புகள்.

1. மாதம் பார்த்துப் புறப்படுங்கள். மலையகம் முழுவதற்கும் ஒரே மழைக்காலம் கிடையாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. கினிகத்தேனை, வட்டவளை, ஹட்டன், மஸ்கெலியா பக்கம் நாள்கணக்கில் விடாமல் கொட்டும். அதே நாட்களில் மலைக்கு அந்தப் பக்கம், வெலிமடையிலும் ஹப்புத்தளையிலும், வெயிலும் காற்றுமாக இருக்கும். வருடக் கடைசியில் மழை அங்கே மாறிவிடும். இரண்டு பக்கமும் ஓரளவு தெளிந்து கிடப்பது பெப்ரவரியிலும் மார்ச்சிலும்தான். ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் நுவரெலியா, அம்பேவெல புல்வெளிகளில் உறைபனி பிடிக்கும் நாட்களும் உண்டு. வெயில் பட்டதும் உருகிவிடும், ஆகவே போர்வைக்குள் சுருண்டு கிடந்தால் பார்க்க முடியாது. ஏப்ரல் மாதம் நுவரெலியாவில் ‘சீசன்’. குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி எல்லாம் உண்டு, அறை வாடகையும் அதற்கேற்ப ஏறும். அமைதி வேண்டுமென்றால் அந்த மாதத்தை விட்டுவிடுங்கள்.

2. எதைப் பார்க்க வருகிறீர்களோ அதற்கு அருகில் தங்குங்கள். சிவனொளிபாத மலை ஏறுகிறவர்களுக்கு நல்லதண்ணி அல்லது மஸ்கெலியா. தேயிலை மலைகளில் நடக்கவும் நீர்த்தேக்கக் கரையில் உட்காரவும் டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை. ஹோர்ட்டன் சமவெளிக்கும் பூங்காக்களுக்கும் நுவரெலியா, இல்லாவிட்டால் பட்டிப்பொல, ஓஹிய. ஹட்டனில் அறை எடுத்துவிட்டு அதிகாலையில் ஹோர்ட்டன் சமவெளிக்குப் போகலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இருக்கிறார்கள். வரைபடத்தில் விரற்கடைத் தூரம்தான். வளைவுகளில் ஏறி இறங்கும்போது பிள்ளைகள் வாந்தியெடுத்தே களைத்துவிடும்.

3. அறை பேசும்போது நாலு கேள்வி கேட்டுவிடுங்கள். சுடுநீர் எந்த நேரம் வரும்? ஆளுக்கு எத்தனை கம்பளி? வாகனம் வாசல்வரை வருமா, கடைசித் துண்டு நடக்க வேண்டுமா? சமைத்துக்கொள்ள இடமுண்டா? வயதானவர்களோடு வருகிறவர்களுக்கு மூன்றாவது கேள்வி மிக முக்கியம். தோட்டத்துப் பாதைகள் பல கற்கள் பெயர்ந்து கிடக்கும்.

4. தடித்த ஜாக்கெட் ஒன்றைவிட மெல்லிய உடுப்பு இரண்டு, அதற்குமேல் காற்றுப் புகாத மேலங்கி என்று எடுத்துவருவது நல்லது. ஏறும்போது வியர்க்கும், நின்றவுடன் குளிர் பிடிக்கும், கழற்றிப் போட வசதி வேண்டும். துவைத்ததைக் காயப்போடலாம் என்று நம்பி உடுப்பைக் குறைக்காதீர்கள், மூடுபனி நாட்களில் காலுறை காய இரண்டு நாள் எடுக்கும். ஈரச் சப்பாத்துக்குள் பழைய பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணித்து வையுங்கள். இடையில் ஒருமுறை தாளை மாற்றினால் விடிவதற்குள் பெரும்பாலும் உலர்ந்துவிடும்.

5. பிள்ளைகளைப் பின்னேரம் நாலு மணிக்குள் குளிப்பாட்டிவிடுங்கள்.

6. சமைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். ஏறத்தாழ 300 மீற்றருக்கு ஒரு பாகை வீதம் தண்ணீரின் கொதிநிலை குறைவதால், இங்கே 94 பாகை சுற்றளவிலேயே கொதித்துவிடும். பருப்பும் கடலையும் வேகாமல் அடம்பிடிப்பது அதனால்தான். கடலையை முதல்நாள் பகலிலேயே ஊறப்போடுங்கள், குக்கர் இருந்தால் கொண்டுவாருங்கள். விடியற்காலைப் பயணத்துக்குச் சோறு கட்டுவதைவிட ரொட்டியும் கட்டச் சம்பலும் உத்தமம். ஆறினாலும் தின்னலாம், தோட்டத்தில் காலகாலமாக வேலைக்குக் கொண்டுபோகிற சாப்பாடும் அதுதான்.

7. ஒரு துண்டாவது ரயிலில் போங்கள். ஹட்டனில் ஏறி நானுஓயாவில் இறங்கினாலும் போதும். ஹட்டனைத் தாண்டியதும் கொட்டகலைக்கு முன்னால் வருவது இலங்கையின் மிக நீளமான ரயில் சுரங்கம். தலவாக்கலையை நெருங்கும்போது பள்ளத்தாக்கின் நீர்வீழ்ச்சிகள் தெரியும், பிறகு வட்டகொடை, கிரேட் வெஸ்டர்ன், ரதல்ல. நேரமிருந்தால் இன்னும் மேலே பட்டிப்பொலவரை போகலாம். 1,897 மீற்றர் உயரத்தில் இருக்கும் அதுவே நாட்டின் மிக உயரமான ரயில் நிலையம். படம் எடுப்பதற்காகக் கதவில் தொங்காதீர்கள். பாறையை வெட்டிப் போட்ட பாதையில் பாறைச் சுவர் பெட்டியை உரசுகிற மாதிரி வரும்.

8. தேயிலை மலைக்குள் நடப்பதுதான் இந்த ஊரின் முதற்பெரும் இன்பம். அதற்குக் கட்டணமோ வழிகாட்டியோ வேண்டியதில்லை, காலையில் விடுதிக்காரரிடம் தோட்டத்துப் பாதையைக் கேட்டுக்கொண்டு இறங்கலாம். நீண்ட நடை விரும்புகிறவர்களுக்கு, பழைய தோட்டப் பாதைகளை இணைத்து ‘பீக்கோ ட்ரெயில்’ என்று 300 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நடைவழியை அமைத்திருக்கிறார்கள். கண்டிக்கு மேலே ஹந்தானையில் தொடங்கி 22 கட்டங்களாக நுவரெலியாவில் முடிகிறது. பிடித்த ஒரு கட்டத்தை மட்டும் ஒரு பகலில் நடந்துவிடலாம்.

நடக்கிற இடத்தின் கதை கொஞ்சம் தெரிந்திருந்தால் நல்லது. 1869இல் கோப்பிச் செடியில் இலைநோய் கண்டு தோட்டங்கள் ஒவ்வொன்றாய் அழிந்தன. அதற்கு இரண்டு வருடம் முன்பு, 1867இல், கண்டி மாவட்டத்து லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் என்ற ஸ்கொட்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை போட்டிருந்தார். அந்த நாட்டுத் துரைமார் பலர் இங்கே வந்ததால்தான் டன்சினன், ஹோலிரூட், அபர்டீன் என்று எங்கோ இருக்கும் குளிர்நாட்டு இடங்களின் பெயர் இந்த மலைகளுக்கு. காட்டை வெட்டியவர்களும் கான் வெட்டியவர்களும் கன்று நட்டவர்களும் தமிழ்நாட்டிலிருந்து கடல் கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்து வந்த நம் சனம். வழியிலேயே செத்தவர்கள் ஏராளம். அந்த வருகையின் 200 வருட நினைவாக 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு அதே வழியில் ஒரு நடைபயணம் நடந்தது.

ஆகையால் மலைக்குள் நடக்கும்போது நீங்கள் இன்னொருவரின் வேலைத்தலத்தில் நிற்கிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். இடுப்பில் படங்கைச் சுற்றி, கொழுந்துச் சுமையின் கயிற்றை நெற்றியில் மாட்டி, செங்குத்துச் சரிவில் கால் ஊன்றி நிற்கிற பெண்ணின் இரண்டு கையும் ஒரே நேரத்தில் ஓடும். இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளியது உள்ளங்கையில் நிறைந்ததும் தலைக்கு மேலால் பின்னுக்குப் போய்விடும். நாளுக்கு இத்தனை கிலோ என்று கணக்கு இருக்கிறது. எடை குறைந்தால் அரைப்பேர்தான் விழும், பாதி நாள் சம்பளம். அவரை நிறுத்தி, சிரிக்கச் சொல்லி, கூடையை வாங்கி உங்கள் பிள்ளையின் தலையில் மாட்டிப் படமெடுக்கிற பத்து நிமிடமும் அவருடைய எடையில் குறைகிறது. படம் வேண்டுமானால் “அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?” என்று கேளுங்கள், வேண்டாமென்றால் விட்டுவிடுங்கள். கொழுந்து நிறுக்கிற நேரத்தில் ஓரமாய் நின்று பேசலாம், எல்லோருமே இறங்கி வந்து சேர்கிற நேரம் அது. லயத்து இஸ்தோப்பில் யாரும் இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். திறந்த கதவுக்குள் கெமராவை நீட்டுவதும், பிள்ளைகளுக்கு வேனிலிருந்து டொபி எறிவதும் கூடவே கூடாது. உதவத் தோன்றினால் தோட்டத்துக் கடையில் தேத்தண்ணி குடியுங்கள், வடை வாங்குங்கள், நடைக்குத் துணையாக ஊர்ப் பையன் ஒருவனைக் கூலி பேசி அழைத்துப் போங்கள்.

9. மருந்தடிக்கிற மலைக்குள் போகாதீர்கள். முதுகில் மருந்துத் தாங்கியோடு ஆட்கள் நின்றால் வேறு பாதை பாருங்கள்.

10. அட்டைக்குப் பயந்து நடையை விடாதீர்கள். மழை பெய்து ஓய்ந்த புல்லில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும், நூல் மாதிரி இருப்பது இரத்தம் குடித்தபின் திராட்சைபோல் உருளும். களுசானைக் காலுறைக்குள் விட்டு, காலுறைக்கு வெளியே உலர்ந்த சவுக்காரக் கட்டியை நன்றாகத் தேய்த்துவிடுங்கள். கடித்துவிட்டால் பிடித்து இழுக்க வேண்டாம். ஒட்டியிருக்கும் வாயின் ஓரத்தில் நகத்தைச் சரித்துத் தள்ளினால் கழன்றுவிடும். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஒரு பொருளை அட்டை உள்ளே விடுவதால் வெகுநேரம் கசியும், பயப்பட வேண்டாம். சவுக்காரம் போட்டுக் கழுவி, சுத்தத் துணியை மடித்து அழுத்திக் கட்டுங்கள்.

11. அட்டையைவிட நூறு மடங்கு கவனம் வேண்டியது குளவிக்கு. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறவர்கள் குளவி கொட்டி ஆஸ்பத்திரிக்குப் போவது வருடம் முழுவதும் நடக்கிறது, உயிரும் போயிருக்கிறது. மரக்கிளையிலோ தேயிலைச் செடிக்கு அடியிலோ கூடு இருக்கும், காற்றோ கழுகோ கலைத்தால் போதும். வாசனைத் திரவியம் பூசிக்கொண்டு மலைக்குள் போகாதீர்கள். தொழிலாளர்கள் “அந்தப் பக்கம் போகாதீங்க” என்றால் ஏன் என்று கேட்டு நிற்காமல் திரும்புங்கள். கலைந்துவிட்டால் கையை வீசி அடிக்காமல், தலையையும் முகத்தையும் துணியால் மூடிக்கொண்டு விலகி ஓடுங்கள். பல இடத்தில் கொட்டியிருந்தாலும், மூச்சு இறுகினாலும், முகம் வீங்கினாலும் உடனே ஆஸ்பத்திரி. டிக்கோயாவில் இந்திய உதவியில் கட்டி 2017இல் திறந்த ஆதார வைத்தியசாலை இருக்கிறது. 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வரும்.

12. தேயிலைத் தொழிற்சாலையை, தோட்டத்து வழக்கில் ‘ஸ்டோரை’, பார்க்கக் கிழமை முக்கியம். பறித்த கொழுந்தை இரவு முழுவதும் நீண்ட தொட்டிகளில் பரப்பிக் காற்றில் வாட வைத்து, மறுநாள்தான் அரைப்பார்கள். ஞாயிறும் போயா (பௌர்ணமி) நாளும் கொழுந்து எடுக்காவிட்டால் அடுத்த நாள் உருளை ஓடாது, வெறும் இரும்பைப் பார்த்துவிட்டு வர வேண்டியதுதான். செவ்வாய்க்கும் சனிக்கும் இடையில், காலையிலேயே போங்கள். நுவரெலியாவுக்குப் பக்கத்தில் பீட்ரு, கண்டி வீதியில் லபுக்கலை இரண்டிலும் பார்வையாளர்களை விடுகிறார்கள். கந்தப்பொலைப் பக்கம் ஹெதர்செட் தோட்டத்தில் ஒரு பழைய ஸ்டோரையே ஹோட்டலாக மாற்றியிருக்கிறார்கள், வாடும் தட்டுகள் இருந்த மாடிகள் இன்று அறைகள்.

13. நீர்வீழ்ச்சிகளைத் தூரத்திலிருந்து பார்த்து மகிழுங்கள். தலவாக்கலைக்கு அருகே டெவோன் 97 மீற்றர், சென் கிளயார் 80 மீற்றர். இரண்டையும் வீதியோரத்திலிருந்தே பார்க்கலாம். 2012இல் மேல் கொத்மலை மின்திட்டம் ஓடத் தொடங்கியபின் சென் கிளயாரில் முன்போல் தண்ணீர் இல்லை, மழைக்காலத்தில்தான் பழைய அழகு. கினிகத்தேனைப் பக்கம் அபர்டீன், நுவரெலியா–கண்டி வீதியில் ரம்பொடை. குளிக்க இறங்குவதற்கு முன் ஊரவரைக் கேளுங்கள். மேலே மழை பெய்தால் இங்கே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் கலங்கிப் பெருகி வரும். நோர்ட்டன், லக்சபான, கெனியன் பக்கம் நீர்த்தேக்கங்களின் வான்கதவு திறந்தால் கீழ்ப்பகுதி ஆறு சில நிமிடத்தில் உயரும். நீர்த்தேக்கங்களில் நீந்தவே வேண்டாம், ஓரத்திலேயே ஆழம்.

14. ஹோர்ட்டன் சமவெளிக்கு நேரம்தான் எல்லாம். ‘உலக முடிவில்’ நிலம் ஏறத்தாழ 870 மீற்றர் செங்குத்தாய் அறுந்து விழுகிறது. ஆனால் ஒன்பது, பத்து மணிக்குள் மூடுபனி ஏறிவிட்டால் முன்னால் வெள்ளைச் சுவர் மட்டும்தான். காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கும்படி நுவரெலியாவிலிருந்து இருட்டோடு புறப்படுங்கள். பேக்கர் நீர்வீழ்ச்சியையும் சேர்த்துச் சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீற்றர், நிதானமாய் நடந்தால் மூன்று, நான்கு மணி நேரம். முதலில் உலக முடிவுக்குப் போய்விட்டு நீர்வீழ்ச்சியைத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளுங்கள். பொலித்தீனை வாசலில் சோதித்து எடுத்துவிடுவார்கள், சாப்பாட்டை டிபன் பெட்டியில் கொண்டுபோங்கள். வாகனத் தரிப்பிடத்தில் மரைகள் பக்கத்தில் வரும், பழக்கப்பட்ட மாடுபோல் நிற்கும். ஒன்றும் கொடுக்காதீர்கள். மகாவலி, களனி, வளவை மூன்று ஆறுகளுக்கும் ஊற்று இந்தச் சமவெளியில்தான். இங்கே போட்ட குப்பை எந்த ஆற்றில் போகுமென்று சொல்லத் தேவையில்லை.

15. சிவனொளிபாத மலைக்குப் பருவம் மார்கழிப் போயாவில் தொடங்கி வைகாசிப் போயாவோடு முடியும். அந்த நாட்களில் நல்லதண்ணிப் பாதை முழுவதும் விளக்கெரியும், தேத்தண்ணிக் கடைகள் திறந்திருக்கும். மற்ற மாதங்களில் இருட்டு, காற்று, மழை. உள்ளூர்த் துணை இல்லாமல் ஏறாதீர்கள். உச்சி 2,243 மீற்றர், படிகள் ஐயாயிரத்துக்கு மேல். சூரிய உதயம் பார்க்க நள்ளிரவு தாண்டி இரண்டு மணிக்குள் அடிவாரத்திலிருந்து புறப்பட வேண்டும். போயா நாளும் சனிக்கிழமை இரவும் நெரிசலில் படிக்குப் படி நிற்க வேண்டியிருக்கும், வாரநாளில் ஏறுங்கள்.

பையில் ஒரு உலர்ந்த பெனியன் வையுங்கள். வியர்வையில் நனைந்த உடுப்போடு உச்சியில் விடியலுக்குக் காத்திருப்பவர்களுக்கு நடுக்கம் எடுத்துவிடும், ஏறியதும் முதல் வேலையாக அதை மாற்றுங்கள். சூரியன் வந்ததும் எல்லோரும் கிழக்கே பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் ஒருமுறை மேற்கே திரும்பிப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாய்ப் பள்ளத்தாக்கின் பனிமேல் விழுந்து கிடக்கும், சிறிது நேரத்தில் சுருங்கி மறைந்துவிடும். சிவன் பாதம் என்று நாமும், புத்தர் பாதமென்று பௌத்தர்களும், ஆதம் நபியின் பாதமென்று முஸ்லிம்களும் ஒரே படியில் ஏறுகிற இடம். முழங்காலைக் கெடுப்பது இறக்கம்தான். ஒரு கம்பு வைத்துக்கொண்டு, படியில் சற்றுச் சாய்ந்து இறங்குங்கள். அன்றைக்கு வேறு பயணம் போட வேண்டாம்.

16. கூட்டமில்லாத இரண்டு இடம் சொல்கிறேன். ஒன்று, டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்த மேட்டில் 1878இல் கட்டிய வோர்லி தேவாலயம். கல்லறைகளில் துரைமாரின் பெயர்களை வாசிக்கலாம். மற்றது மஸ்கெலியா. 1969இல் மவுசாக்கலை அணை எழுந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருக்குள் போனது. கடும் வரட்சியில் தண்ணீர் வற்றினால் பழைய கோயிலும் பள்ளிவாசலும் விகாரையும் இருந்த இடங்கள் தலைகாட்டும். அங்கே குடியிருந்த குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் போய்ப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு வருவதுண்டு. மேலே காய்ந்து கிடந்தாலும் உள்ளே சேறு புதையும், கரையோடு நில்லுங்கள்.

17. வயதானவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் நுவரெலியாவில் ஒரு நாள் தாராளம். காலையில் ஹக்கல பூங்கா (சிங்கோனா வளர்க்க 1861இல் தொடங்கியது), வழியில் சீதாஎலிய அம்மன் கோயில், பின்னேரம் விக்டோரியா பூங்கா. குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து வலசை வரும் பறவைகளைப் பார்க்க, நகரத்துக்கு நடுவே இருக்கும் அந்தப் பூங்காவின் ஓடைக்கரைக்குத் தொலைநோக்கியோடு வெளிநாட்டவர் வருகிறார்கள். நம் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

18. வாகனம் ஓட்டுகிறவர்கள் இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல், ஏறிய கியரிலேயே இறங்குங்கள். மூடுபனியில் பெரிய விளக்கைப் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணையே மறைக்கும், சின்ன விளக்குத்தான் சரி.

19. மழை நாட்களில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடுக்கும் மண்சரிவு எச்சரிக்கையைப் பார்க்காமல் புறப்படாதீர்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயார் நிலை, சிவப்பு என்றால் உடனே இடத்தைவிட்டு விலக வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழையில் மலையகம் பட்ட பாடு யாருக்கும் மறக்காது. விடுதிக்கு மேலேயுள்ள சரிவில் புது வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிப் பாயும் ஊற்று எதைக் கண்டாலும் பொருட்களை விட்டுவிட்டு ஆட்களோடு இறங்குங்கள். ரயில் ஓடுகிறதா என்பதையும் முதல்நாளே விசாரித்துக்கொள்ளுங்கள்.

20. திரும்பும்போது தேயிலை வாங்காமல் போவீர்களா? நுவரெலியாத் தேயிலை மெல்லிய நிறம், மணம் தூக்கல், பால் சேர்க்காமல் குடிக்க ஏற்றது. ஹட்டன், டிக்கோயா, தலவாக்கலைத் தேயிலை கொஞ்சம் அழுத்தம், பாலுக்கும் தாங்கும். ஜனவரியிலிருந்து மார்ச்வரை எடுத்த கொழுந்துக்கு மணம் அதிகம் என்பதால் பொதியில் திகதி பாருங்கள். பி.ஓ.பி. தரத்துக்கு மூன்று, நான்கு நிமிடம் ஊற வேண்டும், டஸ்ட்டுக்கு அதில் பாதி போதும். வீட்டில் மசாலா டப்பாக்களுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், மிளகு சீரக வாசத்தை அப்படியே இழுத்துக்கொள்ளும். காற்றுப் புகாத தகர டின்னில் போட்டு, ஈரக் கரண்டி படாமல் வைத்தால் பல மாதம் கெடாது.